இழுப்பறையில் மூன்று மவுஸ்

திருவல்லிக்கேணியில் நான் மெய்ப்புப் பார்க்கப் போகிற டிடிபி கடை, ஒரு பழைய மேன்ஷனின் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், மூங்கில் ஸ்டூல் இரண்டு. நிமிர்ந்தால் படியில் தலை இடிக்கும். எங்கள் ஊர்ப் பள்ளியின் நூற்றாண்டு மலர் அங்கேதான் பக்கம் கட்டப்படுகிறது. 160 பக்கத்தில் 112 முடிந்திருந்த நிலையில், போன சனிக்கிழமை காலை வேலை நின்றுபோனது.

நான் உள்ளே நுழைந்தபோது டைப் அடிக்கும் அக்கா, 1974-ஆம் ஆண்டு மாணவர்களின் குரூப் போட்டோவை ஒரு பெட்டிக்குள் பொருத்திக்கொண்டிருந்தார். போட்டோவின் விளிம்பு கோட்டைத் தொட வேண்டும், தாண்டக் கூடாது. பாயிண்டர் நகர்ந்தது, நின்றது, அரை விநாடி உறைந்தது, பிறகு ஒரே தாவலில் பக்கத்தின் மறு கோடிக்குப் போனது. போட்டோவும் கூடவே போனது. அவர் ஒன்றும் சொல்லாமல் கன்ட்ரோல் இசட் அடித்தார். மறுபடி பிடித்தார், மறுபடி தாவியது. ஒரு போட்டோவுக்கு ஏழு முறை. நான் எண்ணினேன்.

"மவுஸ் போச்சா அக்கா?" என்று கேட்டேன்.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். உள்ளே மூன்று வயர்லெஸ் மவுஸ். கையில் இருந்தது நாலாவது. எல்லாம் ஆறு வாரத்துக்குள் வாங்கியவை. முதல் மவுஸைக் கடை முதலாளி தன் கணக்கில் வாங்கினார். இரண்டாவது தொந்தரவு கொடுக்கத் தொடங்கியதும், "கீழ போட்டிருப்பே" என்று சொல்லி அதன் விலையை அக்காவின் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். மூன்றாவதுக்கும் அப்படியே. இரண்டும் சேர்த்து 1,100 ரூபாய். இதை அவர் புகாராகச் சொல்லவில்லை. நான் கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார். எனக்குத்தான் உட்கார முடியவில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் சர்வீஸ் கடை வைத்திருக்கும், எனக்குப் பழக்கமான ஒரு தம்பிக்குப் போன் போட்டேன். அரை மணியில் தோள்பையோடு வந்து சேர்ந்தார்.

முதலாளியும் அதற்குள் வந்துவிட்டார். அந்தப் பகுதியில் எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். தம்பி மவுஸைத் தொடவே இல்லை. சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, "பாய், இந்த சிஸ்டத்துல கடைசியா புதுசா என்ன மாட்டினீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் மாட்டலப்பா. மவுஸ்தான் மாத்தி மாத்திப் போடுறோம்."

"முதல் மவுஸ் கெட்டதுக்கு முன்னாடி?"

பாய் யோசித்தார். அக்காதான் ஞாபகப்படுத்தினார். "அந்த பழைய ஜாப் எல்லாம் போட்டு வைக்கன்னு ஹார்ட் டிஸ்க் வாங்கினீங்களே."

சிபியூவின் தலைமேல், சின்னதாக விளக்கு மினுக்கிக்கொண்டு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் கிடந்தது. பின்பக்கத்து நீல நிற போர்ட்டில் அதன் வயர் செருகியிருந்தது. அதற்கு ஒட்டினாற்போல் அடுத்த போர்ட்டில் மவுஸின் ரிசீவர், சுண்டுவிரல் நகம் அளவுக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது.

"ஹார்ட் டிஸ்க்குக்கும் மவுஸுக்கும் என்ன தம்பி சம்பந்தம்?" என்றார் பாய். நியாயமான கேள்வி. நானும் அதைத்தான் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தம்பி பதில் சொல்லவில்லை, செய்து காட்டினார். அவர் செய்த வரிசையை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வரிசைதான் வைத்தியம். முதலில் அக்காவின் மவுஸையும் ரிசீவரையும் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டினார். வெண்ணெயில் கத்தி போல் ஓடியது. ஆக, மவுஸில் பழுதில்லை. திரும்ப இங்கே மாட்டி, ஹார்ட் டிஸ்க்கின் வயரை மட்டும் உருவினார். பாயிண்டர் ஒழுங்காகப் போனது. ஹார்ட் டிஸ்க்கை மறுபடி செருகி, சும்மா விட்டுவைத்தார். எப்போதாவது ஒரு சின்னத் தடங்கல், அவ்வளவுதான். பிறகு ஒரு பெரிய போல்டரைக் காப்பி போட்டுவிட்டு மவுஸை நகர்த்தினார். பாயிண்டர் துள்ள ஆரம்பித்தது. காப்பி முடிந்ததும் துள்ளல் அடங்கியது. அக்கா எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஒன்று செய்தார். அது என்னை ஒப்புக்கொள்ள வைத்தது. அதே ஹார்ட் டிஸ்க்கை, அதே வயரோடு, நீல போர்ட்டிலிருந்து எடுத்துக் கறுப்பு நிறத்து பழைய யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினார். அதே போல்டரைக் காப்பி போட்டார். காப்பி ஆமை வேகத்தில் போனது. மவுஸ் ஒரு துள்ளல்கூட இல்லாமல் ஓடியது. டிஸ்க் அதே டிஸ்க், மவுஸ் அதே மவுஸ். மாறியது போர்ட்டும் வேகமும் மட்டும்.

விஷயம் இதுதான். யூஎஸ்பி 3.0 என்கிற நீல போர்ட் விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தகவலை அனுப்புகிறது. பழைய 2.0 போர்ட்டுக்கு இது 480 மெகாபிட். அந்த மின்துடிப்பின் இரைச்சல் வயரோடும் போர்ட்டோடும் நின்றுவிடுவதில்லை, கொஞ்சம் வெளியே கசிகிறது. கசிவது ஒரே அலைவரிசையிலும் இல்லை. அடியிலிருந்து 5 கிகாஹெர்ட்ஸ் வரை விரிந்து கிடக்கிறது. வயர்லெஸ் மவுஸ் பேசுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அதற்கு நட்ட நடுவில் இருக்கிறது. இன்டெல் நிறுவனம் 2012-ல் இதைப் பற்றியே தனியாக ஓர் அறிக்கை வெளியிட்டது. யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கை இணைத்ததும் அந்த அலைவரிசையில் இரைச்சல் கிட்டத்தட்ட 20 டெசிபல் கூடுவதாக அதில் அளந்து காட்டியிருக்கிறார்கள். 20 டெசிபல் என்றால் ஆற்றல் கணக்கில் நூறு மடங்கு. ரிசீவரைத் தள்ளி வையுங்கள் என்று அந்த அறிக்கையே சொல்கிறது.

கோயில் திருவிழாவில் கூம்பு ஸ்பீக்கருக்கு அடியில் நிற்கும் ஒருவரிடம் தெருக்கோடியிலிருந்து நாம் பேசினால் எப்படிக் கேட்கும்? நம் குரலில் குறையில்லை, அவர் காதிலும் குறையில்லை. நிற்கிற இடம் சரியில்லை. ரிசீவர் நின்ற இடமும் அப்படித்தான். சாதாரண மவுஸ் தன் அசைவை விநாடிக்கு 125 முறை கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. இரைச்சலில் அவற்றில் பல காதில் விழாமல் போனால், பாயிண்டர் நின்று நின்று தாவத்தான் செய்யும்.

இப்போது அந்த இழுப்பறையை நினைத்துப் பாருங்கள். மூன்று முறை மவுஸ் மாற்றினார்கள். மூன்று ரிசீவரையும் பழையது இருந்த அதே ஓட்டையில், அதே ஹார்ட் டிஸ்க் வயருக்குப் பக்கத்தில் செருகினார்கள். மவுஸ் மாறியதே தவிர எதுவும் மாறவில்லை. அவற்றில் ஒன்றுகூடப் பழுதில்லை. மவுஸ் விற்ற கடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், புதுசா என்ன மாட்டினீங்க என்று. கேட்கவில்லை. நாலாவது மவுஸையும் கேள்வி கேட்காமல் விற்றது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரே ஆள் ஒரே பொருளை ஆறு வாரத்தில் நாலு தடவை வாங்க வந்தால் விற்பவருக்குச் சந்தேகம் வர வேண்டும்.

வயர் மவுஸ் போட்டால் தீர்ந்தது என்று பாய் சொன்னார். தீரும்தான். ஆனால் அக்காவின் மேசை முழுக்க மெய்ப்புத் தாள்கள். வயர் இழுபடும்போது தாள் நகர்ந்து, வரிசை கலைந்துவிடும். அதனால்தான் வயர்லெஸ்ஸுக்கு மாறினார். இருபது வருடமாக இந்த வேலை செய்கிற கைக்கு எது தோது என்று அந்தக் கையைத்தான் கேட்க வேண்டும். தம்பியும் அக்காவைப் பார்த்துத்தான் கேட்டார். "வயர்லெஸ்ஸே இருக்கட்டும் தம்பி" என்றார் அவர்.

ரிசீவரை சிபியூவின் முன்பக்கம் மாட்டினால் நடுவே இரும்புப் பெட்டி மறைப்பாக நிற்கும், மவுஸுக்கும் கிட்டே வரும் என்று தம்பி முன்பக்கத்து போர்ட்டில் செருகினார். மவுஸ் அசையவே இல்லை. இன்னொரு முன் போர்ட். அதுவும் இல்லை. "முன்னாடி ரெண்டும் வேலை செய்யாதுப்பா, புது பெட்டி மாத்துனதுலேர்ந்தே அப்படித்தான்" என்றார் பாய், அது ஏதோ அந்தப் பெட்டியின் சுபாவம் என்பது மாதிரி.

பவரை அணைத்து, பக்கக் கதவின் திருகைக் கழற்றினார். உள்ளே முன்பக்க யூஎஸ்பி வயர் எதிலும் செருகாமல், ரப்பர் பேண்ட் போட்டபடி தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டி மாற்றியவர் அதை மதர்போர்டில் மாட்ட மறந்திருக்கிறார், அல்லது எந்த இடம் என்று தெரியாமல் விட்டிருக்கிறார். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, ஒரு மூலையில் மட்டும் ஊசி இருக்காது, ஆக ஒன்பது ஊசி. வயரின் முனையிலும் அதே மூலையில் ஓட்டை அடைத்திருக்கும். தலைகீழாகப் போகாது. பலவந்தமாகத் தள்ளினால்தான் ஊசி வளையும். பக்கத்திலேயே போர்டில் யூஎஸ்பி என்று அச்சிட்டிருந்தது. டார்ச் அடித்து எனக்குக் காட்டினார். மாட்டி, பெட்டியை மூடி, ஆன் செய்தார். முன்பக்கம் இரண்டும் உயிர் பெற்றன. ரிசீவரை அங்கே மாற்றி, பின்பக்கம் டிஸ்க்கில் காப்பி ஓட விட்டார். அக்கா உட்கார்ந்து குரூப் போட்டோவைப் பிடித்தார். முதல் முயற்சியிலேயே விளிம்பு கோட்டில் உட்கார்ந்தது.

எப்போதாவது ஒரு சின்னத் தயக்கம் இருக்கத்தான் செய்தது. அதற்கு ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு ரிசீவரை மேசைமேலேயே கொண்டுவந்துவிடலாம், கடையிலிருந்து எடுத்து வருகிறேன் என்றார். கிளம்பப் போனவரை பாய் நிறுத்தினார். "வந்ததே வந்தே, இதையும் பார்த்துடு."

மூலையில் இருந்த இரண்டாவது கம்ப்யூட்டர் இரண்டு நாளாகப் பாதியில் நின்றிருந்தது. பழைய மதர்போர்டு போய்விட்டதால், செகண்ட் ஹேண்டில் இன்டெல் ஆறாம் தலைமுறை பிராசசரோடு ஒரு போர்டு வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அதில் விண்டோஸ் 7 ஏற்ற வேண்டும். 7-தான் வேண்டும், 10 வேண்டாம். டிடிபி உலகத்தை அறியாதவர்களுக்கு இது பிடிவாதமாகத் தெரியலாம். பாயின் கடையில் பதினைந்து வருடத்துப் பத்திரிகைகள், பில் புத்தகங்கள், கல்யாண அழைப்பிதழ்கள் எல்லாம் பேஜ்மேக்கர் கோப்புகள். 2001-ல் வந்த பேஜ்மேக்கர் 7-தான் அந்த மென்பொருளின் கடைசிப் பெரிய பதிப்பு. எழுத்துருக்களும் யூனிகோடுக்கு முந்தியவை. இவை எல்லாம் ஓடிப் பழகியது 7-ல்தான். பழைய வாடிக்கையாளர் வந்து, போன தடவை அடித்தோமே அதே மாதிரி, தேதி மட்டும் மாற்றுங்கள் என்பார். அதற்கு அந்தக் கோப்பு அப்படியே திறக்க வேண்டும். அது திறந்தால் ஐந்து நிமிஷ வேலை, திறக்காவிட்டால் முதலிலிருந்து டைப் அடிக்க வேண்டும்.

தம்பி டிவிடி போட்டு ஆன் செய்தார். நீலத் திரை, மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கட்டம், நடுவே அம்புக்குறி. மவுஸை அசைத்தார். அம்பு அசையவில்லை. கீபோர்டும் செத்துக்கிடந்தது. ஆனால் மவுஸின் அடியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் திரைக்குள் போனபோது இதே கீபோர்டு நன்றாக வேலை செய்தது.

"இதுக்கும் மூணு மவுஸ் மாத்திப் பார்த்தோம்பா" என்றார் பாய். இந்தத் தடவை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

இதன் காரணம் வேறு. விண்டோஸ் 7 வெளிவந்தது 2009-ல். அதன் டிவிடிக்குள் யூஎஸ்பி 2.0 வரைக்குமான டிரைவர்கள்தான், அதாவது போர்ட்டோடு பேசும் மென்பொருள்கள்தான், இருக்கின்றன, 3.0-க்கு இல்லை. 2015-ல் வந்த ஆறாம் தலைமுறைக்கு முந்திய போர்டுகளில் 2.0-க்கென்று தனி கன்ட்ரோலர் இருந்ததால் பிரச்சினை வரவில்லை. ஆறாம் தலைமுறையோடு அந்தப் பழைய கன்ட்ரோலரை எடுத்துவிட்டார்கள். எல்லா யூஎஸ்பி போர்ட்டும், கறுப்போ நீலமோ, 3.0 கன்ட்ரோலரின் கீழே போய்விட்டது. ஆக விண்டோஸ் 7-க்கு அந்த போர்டில் ஒரு போர்ட்கூடக் கண்ணுக்குத் தெரியாது. மின்சாரம் போகிறது, அதனால் விளக்கு எரிகிறது. கேட்க ஆள் இல்லை, அதனால் அம்பு அசைவதில்லை. பயாஸுக்குத் தன் சொந்த டிரைவர் இருப்பதால் அங்கே மட்டும் கீபோர்டு ஓடுகிறது. இப்படி ஒரு மவுஸைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, விளக்கு எரியுதே என்று குழம்பியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்!

டிரைவரைப் பென்டிரைவில் கொடுக்கலாமே என்று நான் கேட்டேன். பென்டிரைவும் யூஎஸ்பிதானே சார், அதையும் படிக்காதே என்றார். உண்மைதான்.

வழி, சிபியூவின் பின்னால் இருந்தது. பாதி ஊதா, பாதி பச்சை நிறத்தில் ஒரு வட்டமான போர்ட். பிஎஸ்/2. 1987-ல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கம்ப்யூட்டர்களில் கொண்டுவந்த இணைப்பு அது. ஊதா கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு. இரண்டு நிறமும் சேர்ந்திருந்தால் இரண்டில் எதை வேண்டுமானாலும் செருகலாம். அதற்கு யூஎஸ்பி தேவையே இல்லை என்பதால் விண்டோஸ் 7 அதை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். ஒரே ஓட்டைதானே, மவுஸை மாட்டுவீர்களா கீபோர்டையா என்றேன். "கீபோர்டு சார். மவுஸ் இல்லாம விண்டோஸ் போட்டுடலாம், கீபோர்டு இல்லாம பெயர்கூட டைப் பண்ண முடியாது." அந்த வட்ட முனை கீபோர்டும் அவர் கடையில்தான் இருந்தது. நானும் கூடவே கிளம்பினேன்.

வாலாஜா சாலை வழியாக அண்ணா சாலைக்கு வந்து, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் நுழைந்தோம். ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, நரசிங்கபுரம் தெருவும் பக்கத்துச் சந்துகளும் சேர்ந்ததுதான் அது. சனிக்கிழமை மதியம் அங்கே நடப்பதென்றால் தோளால் வழி விலக்கிக்கொண்டு போக வேண்டும். வழியில் தம்பி எனக்கு ஒன்று சொன்னார். 1964-ல் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் ஆய்வகத்தில் பில் இங்கிலீஷ் செய்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி, அடியில் இரண்டு சக்கரம். தம்பி அதன் படத்தைக் கடைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார். அன்று கைக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒரு வயர்தான். இன்றைக்கு மவுஸின் அடியில் விநாடிக்கு ஆயிரத்துக்கும் மேல் படம் பிடிக்கிற சென்சார், அப்புறம் ரேடியோ, அப்புறம் ரிசீவர், போர்ட், கன்ட்ரோலர், டிரைவர், பிறகுதான் திரை. இத்தனை பேர் கைமாற்றிக் கொண்டுபோகிற செய்தி எங்கே தொலைந்தாலும், நம் கண்ணுக்குத் தெரிவது மவுஸ் ஓடவில்லை என்பது மட்டும். பழி கையில் இருக்கிற பொருளின் மேல் விழுகிறது. அதை வைத்திருக்கிற கையின் மேலும் விழுகிறது என்பதை நான் அன்று காலையில் பார்த்திருந்தேன்.

ஆறடிக்கு நாலடி கடை. கவுன்ட்டரில் ஏற்கெனவே இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் ட்யூஷன் வாத்தியார். புது கிராபிக்ஸ் கார்டு போட்டதிலிருந்து பாயிண்டர் திடீரென்று காணாமல் போகிறதாம். "கார்டுல இருந்து டிவிக்கும் ஒரு வயர் குடுத்திருக்கீங்களா சார்?" கொடுத்திருக்கிறார். அணைத்து வைத்திருந்தாலும் அந்த டிவியை இரண்டாவது திரையாகக் கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டிருக்கிறது, பாயிண்டர் திரையின் ஓரத்தைத் தாண்டி அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. விண்டோஸ் கீயையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ஒரே திரை என்ற முதல் வரியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி அனுப்பினார். காசு வாங்கவில்லை.

இன்னொருவன் கல்லூரிப் பையன். யூடியூப் பார்த்து முதல் முதலாகத் தானே அசெம்பிள் செய்த பெட்டியை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். முன்பக்கம் மவுஸ் வேலை செய்யவில்லை, பின்பக்கம் செய்கிறது. முன்பக்கத்து யூஎஸ்பி 3.0 வயருக்கான பத்தொன்பது ஊசிக் கட்டையில் ஓர் ஊசி படுத்துக்கிடந்தது. அந்த வயரின் முனை முரடு, கொஞ்சம் சாய்த்துத் தள்ளினாலும் ஊசி வளைந்துவிடும். பையன் முகம் வெளிறிப்போனது, போர்டே போய்விட்டது என்று நினைத்துவிட்டான். தம்பி லெட் இல்லாத ஒரு மைக்ரோ டிப் பென்சிலை எடுத்தார். அதன் நுனிக் குழாயை ஊசியின் மேல் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினார். ஊசி ஒரு தடவை வளைந்தால் நிமிரும், மறுபடி மறுபடி வளைத்தால் ஒடிந்துவிடும். "இனிமே நேரா, ரெண்டு கட்டை விரலாலயும் சமமா அழுத்து" என்று பையனின் கையைப் பிடித்தே வயரைச் செருகவைத்தார். ஒரு மெக்கானிக் இன்னொருவனுக்கு வேலை சொல்லிக்கொடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது எனக்கு எப்போதுமே பிடித்த காட்சி.

வட்ட முனை கீபோர்டு ஒன்று மேல் தட்டில் தூசியோடு இருந்தது. கீக்களில் எழுத்து பாதி அழிந்திருந்தது. பாயின் போர்டுக்கான யூஎஸ்பி 3.0 டிரைவரை ஒரு டிவிடியில் பதிந்துகொண்டார். ஒன்றரை மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று. திரும்பி வந்தோம்.

பிஎஸ்/2-வைக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது செருகக் கூடாது, அணைத்துவிட்டுத்தான் செருக வேண்டும். யூஎஸ்பிக்குப் பழகிய தலைமுறைக்கு இது தெரியாது. சிலசமயம் போர்டின் அந்தப் பகுதியே போய்விடும். தம்பி சுவிட்ச்சை அணைத்து, செருகி, ஆன் செய்தார். நீலத் திரையில் டேப் கீ அடித்ததும் கட்டம் நகர்ந்தது. பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். டேப், அம்புக்குறி, ஸ்பேஸ், என்டர் இந்த நாலை வைத்தே நாற்பது நிமிடத்தில் விண்டோஸ் ஏறி முடிந்தது. டிவிடியிலிருந்து டிரைவரைப் போட்டு, ரீஸ்டார்ட் செய்தார். இழுப்பறையைத் திறக்கச் சொல்லி, பழுது என்று ஒதுக்கிய மூன்று மவுஸில் ஒன்றை எடுத்து, அதன் ரிசீவரைச் செருகினார். பாயிண்டர் ஓடியது.

டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ஒவ்வொரு யூஎஸ்பி ரூட் ஹப்பிலும் மின்சாரத்தை மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற வரிக்கு நேரே இருந்த டிக்கை எடுத்துவிட்டார். சில போர்டுகளில் அந்த டிக் இருந்தால், கொஞ்ச நேரம் கை வைக்காமல் விட்ட மவுஸ் தூங்கிப்போய்த் திரும்ப எழுந்திருக்கத் திணறும். இன்டர்நெட் வயரை மட்டும் இந்த மெஷினில் மாட்ட வேண்டாம் என்று பாயிடம் இரண்டு தடவை சொன்னார். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் சாதாரண வாடிக்கையாளர்களுக்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. பழைய கோப்பைத் திறக்க, பிரிண்ட் போட என்று மட்டும் வைத்துக்கொண்டால் அது இன்னும் பல வருடம் உழைக்கும்.

அக்காவின் மேசைக்கு வந்து எக்ஸ்டென்ஷன் வயரை மாட்டி, ரிசீவரை மானிட்டரின் காலுக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டினார். ஹார்ட் டிஸ்க்கைத் திரும்ப நீல போர்ட்டுக்கே மாற்றினார். டிஸ்க் தன் முழு வேகத்தில் காப்பி செய்துகொண்டிருக்க, அக்கா அடுத்த போட்டோவை எடுத்தார். சின்னத் தயக்கமும் போயிருந்தது. "காலையில இருந்து கையே வலிக்குது" என்று அப்போதுதான் சொன்னார்.

இழுப்பறையில் மிச்சம் இருந்த இரண்டு மவுஸையும் தம்பி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். இரண்டும் நன்றாக ஓடின. மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு, "எதுவும் கீழ விழுந்த மவுஸ் இல்ல பாய்" என்று மட்டும் சொன்னார். பாய் ஒன்றும் பேசவில்லை. தம்பிக்குச் சேர வேண்டியதைக் கொடுத்தார். எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

இந்தச் சனிக்கிழமை மெய்ப்பு வாங்கப் போனேன். 148-ஆம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. 1,100 ரூபாயும் திரும்ப வந்துவிட்டது என்று அக்கா சொன்னார். புதன்கிழமை கடை திறந்ததும் பாயே கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

கடை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கம்ப்யூட்டரில் மவுஸ் தகராறு செய்தால், அதைப் பிடித்திருக்கிறவரைக் கேட்கும் முன், கடைசியாகப் புதிதாக மாட்டியது எதுவோ அதைக் கழற்றிவைத்து ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். அதற்கு மெக்கானிக் கூட வேண்டாம்.